விண்கல மாடலுக்கு நிறம் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

விண்கலக் கிட் ஒன்றின் பெட்டியைத் திறந்தால், உள்ளே இருக்கும் தாளில் நிறம் பற்றிப் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: உடல் முழுவதும் லைட் கிரே. போர் விமான மாடல் கட்டுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. எஃப்-16 என்றால் எஃப்எஸ் (அமெரிக்க அரசின் நிறத்தர வரிசை) 36118, 36270, 36375 என்று மூன்று எண்கள். கடையில் அந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். விண்கலத்துக்கு அப்படிப்பட்ட அரசு ஆவணம் எதுவும் கிடையாது. திரையில் நாம் பார்த்த நிறம் ஸ்டூடியோ விளக்கு, பிலிம், நீலத்திரை (பின்னணியை நீக்குவதற்காக மாடலுக்குப் பின்னால் வைக்கும் நீலத் திரை), கலர் பிராசஸிங் ஆகிய நாலையும் தாண்டி வந்தது.

அதனால் முதல் கேள்வி எந்தச் சாம்பல் என்பதல்ல, எவ்வளவு வெளுத்த சாம்பல் என்பதுதான். கண் முதலில் பிடிப்பது நிறத்தின் சாயலை அல்ல, அதன் வெளுப்பை. சாயலில் சின்னத் தவறு நடந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். வெளுப்பில் தவறினால் கதையில் 289 மீட்டர் நீளமுள்ள கலம் பொம்மையாகச் சுருங்கிவிடும்.

1. எதைப் பிரதி எடுக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

ஸ்டார் ட்ரெக் தொடரின் முதல் என்டர்பிரைஸை எடுத்துக்கொள்வோம். மேட் ஜெஃப்ரீஸ் வடிவமைத்த அந்தக் கலத்தின் பெரிய படப்பிடிப்பு மாடல் 1964-இல் கட்டப்பட்டது. நீளம் 11 அடிக்குச் சற்று அதிகம். பெரும்பகுதி மரம், கொஞ்சம் பிளாஸ்டிக்கும் உலோகத் தகடும். 1974-இல் அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. அதன் பிறகு பலமுறை பழுதுபார்த்து மறுபடி பெயிண்ட் அடித்தார்கள். 1991-இல் நடந்த புதுப்பிப்பில் பேனல் கோடுகள் (உடல் தகடுகளின் இணைப்புக் கோடுகள்) தூக்கலாகத் தெரிந்ததால் ரசிகர்கள் பலருக்கு மனம் ஒப்பவில்லை. 2016-இல் முடிந்த பாதுகாப்புப் பணி, 1967 ஆகஸ்ட் மாதத் தோற்றத்தை இலக்காக வைத்துக்கொண்டது. அதற்குக் கைகொடுத்தது கலத்தின் முன்பக்க வட்டத் தட்டின் மேற்பரப்பு: அங்கே மட்டும் பழைய பெயிண்ட் அப்படியே தங்கியிருந்தது. மெல்லிய பச்சைச் சாயல் கலந்த சாம்பல் அது. தொலைக்காட்சியில் அதே கலம் ஒரு காட்சியில் வெள்ளையாகவும் இன்னொன்றில் நீலம் கலந்த சாம்பலாகவும் தெரியும். நீலத்திரையிலிருந்து தெறித்த ஒளியும் விளக்கமைப்பும் செய்த வேலை.

ஆக உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன: அருங்காட்சியகத்தில் நிற்கும் மாடலின் நிறம், திரையில் தெரிந்த நிறம், அப்படியொரு கலம் உண்மையில் இருந்தால் எப்படி இருக்கும் என்ற கற்பனை நிறம். எதை எடுத்தாலும் தவறில்லை. உடலுக்குத் திரை நிறத்தையும் சின்னங்களுக்கு அருங்காட்சியக நிறத்தையும் எடுத்தால்தான் ஒட்டாமல் நிற்கும்.

திரையில் காண்பதை அப்படியே வடிவமைப்பாளரின் விருப்பம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. 1977-இன் ஸ்டார் வார்ஸில் எக்ஸ்-விங் போர்க்கலப் படைக்கு முதலில் யோசித்த அடையாள நிறம் நீலம். நீலத்திரைக்கு முன் நீலப் பட்டை காணாமல் போகும் என்பதால்தான் சிவப்புக்கு மாறினார்கள். உங்கள் மேசையில் நீலத்திரை இல்லை. சொந்தமாக ஒரு படைப்பிரிவைக் கற்பனை செய்தால் நீலத்தைத் தாராளமாக எடுக்கலாம்.

2. பெயிண்ட் வாங்கும் முன் விளக்கை முடிவு செய்யுங்கள்

மாடல் கடைசியில் எங்கே நிற்கப்போகிறது? மஞ்சள் ஒளி வீசும் 2700 கெல்வின் பல்பின் கீழ், பச்சை கலந்த சாம்பல் கிட்டத்தட்ட காக்கியாகத் தெரியும். குளிர்ந்த 6500 கெல்வின் எல்இடியின் கீழ் அதே பெயிண்ட் நீலம் பூக்கும். ஒரே மாதிரித் தெரிந்த இரண்டு சாம்பல்கள் விளக்கை மாற்றியதும் பிரிந்து நிற்பதும் உண்டு; உள்ளே இருக்கும் நிறமிகள் வேறு வேறு என்பதே காரணம். டீக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னம்) தாளில் அச்சான சாம்பலையும் குப்பியிலிருந்து அடித்த சாம்பலையும் பக்கத்தில் வைத்தால் இது அடிக்கடி நடக்கும்.

வேலை மேசைக்கு 5000 கெல்வின், நிறத்துல்லியக் குறியீடு (சிஆர்ஐ) 90-க்கு மேல் உள்ள எல்இடி ஒன்று போதும். ஆனால் கடைசித் தீர்ப்பை மாடல் நிற்கப்போகும் அலமாரியின் விளக்கின் கீழ்தான் சொல்ல வேண்டும்.

3. கரண்டிச் சோதனை

ஐந்தாறு பிளாஸ்டிக் கரண்டிகளை எடுத்து, பின்புறத்தை 600 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மாடலுக்குப் போடப்போகும் அதே பிரைமரை (நிறத்துக்கு அடியில் போடும் முதல் பூச்சு) அடியுங்கள். வளைந்த முதுகு என்பதால் ஒளிபடும் இடம், நிழல் இரண்டையும் ஒரே கரண்டியில் பார்க்கலாம். தட்டையான பிளாஸ்டிக் துண்டில் இது தெரியாது.

ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு கலவை. காம்பில் விகிதத்தை நிரந்தர மார்க்கரால் எழுதிவிடுங்கள். டாமியா நிறுவன அக்ரிலிக்கை (எக்ஸ், எக்ஸ்எஃப் என்று தொடங்குபவை அதன் குப்பி எண்கள்) வைத்து நாங்கள் பரிந்துரைக்கும் தொடக்கக் கலவைகள் இவை:

என்டர்பிரைஸ் வகைச் சாம்பல்: எக்ஸ்எஃப்-19 ஸ்கை கிரே 5 பங்கு, எக்ஸ்எஃப்-2 வெள்ளை 4 பங்கு, எக்ஸ்எஃப்-76 கிரே கிரீன் 1 பங்கு. பச்சை கண்ணில் குத்தினால் கடைசிப் பங்கைப் பாதியாக்குங்கள்.

எக்ஸ்-விங் வகை அழுக்கேறிய வெள்ளை: எக்ஸ்எஃப்-2 வெள்ளை 10 பங்கு, எக்ஸ்எஃப்-57 பஃப் 1 பங்கு, எக்ஸ்எஃப்-19 1 பங்கு.

ஸ்டார் வார்ஸ் பேரரசுப் போர்க்கப்பல் மாதிரியான குளிர்ந்த வெளிர் சாம்பல்: எக்ஸ்எஃப்-2 6 பங்கு, எக்ஸ்எஃப்-19 3 பங்கு, எக்ஸ்எஃப்-23 லைட் புளூ அரைப் பங்கு.

கலக்க விருப்பமில்லாதவர்கள் மிஸ்டர் கலர் பெயிண்ட் வரிசையில் 311 (எஃப்எஸ் 36622) அல்லது 338 (எஃப்எஸ் 36495) வாங்கலாம். எஃப்எஸ் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை மிச்சம்: முதல் இலக்கம் பளபளப்பு (1 பளபளப்பு, 2 அரைப் பளபளப்பு, 3 பளபளப்பற்ற மேட்), இரண்டாவது நிறக் குடும்பம் (6 என்றால் சாம்பல்), கடைசி மூன்றும் ஏறக்குறைய வெளுப்பின் வரிசை. 118-ஐ விட 375 வெளுப்பு, அதைவிட 622 வெளுப்பு. பெரிய கலங்களின் உடலுக்கு 495-க்கும் 622-க்கும் நடுவே நின்றால் பெரும்பாலும் தவறாது.

கரண்டிகள் காய்ந்ததும் வரிசையாக வைத்து, கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். நிறம் நீங்கிய பிறகு எது எவ்வளவு வெளுப்பு என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். படமெடுப்பவர்கள் பயன்படுத்தும் 18 சதவீதச் சாம்பல் அட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் வேறு நாளில் எடுத்த படத்தோடும் ஒப்பிடலாம்.

ஒரு எச்சரிக்கை: டாமியா அக்ரிலிக்கில் ஆல்கஹால் உண்டு. அதோடு வலேஹோ போன்ற நீர் அடிப்படைப் பெயிண்டைக் கலந்தால் தயிர் திரிந்தது போல் கட்டிதட்டி ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயிண்ட் தெளிக்கும் கருவி) ஊசியை அடைத்துவிடும். ஒரு கலவைக்கு ஒரே நிறுவன வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4. வெள்ளை எவ்வளவு சேர்ப்பது

விமான மாடல் உலகில் பழைய கணக்கு ஒன்று உண்டு: 1/32 அளவு மாடலுக்கு 7 சதவீதம், 1/48-க்கு 10, 1/72-க்கு 15, 1/144-க்கு 23 என்று வெள்ளை சேர்க்க வேண்டும். தூரத்தில் இருக்கும் விமானத்துக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள காற்று நிறத்தை வெளுக்கச் செய்கிறது என்பது அதன் அடிப்படை. விண்வெளியில் காற்று ஏது என்று கேட்டால் கேள்வி நியாயமானது. அந்தக் காரணம் இங்கே செல்லாது. ஆனால் வேறொரு காரணம் செல்லும்: சிறிய பரப்பில் தெரியும் நிறம், பெரிய பரப்பில் தெரியும் அதே நிறத்தைவிட அடர்த்தியாகத் தோன்றும். சுவருக்குப் பெயிண்ட் வாங்கியவர்களுக்குத் தெரியும். அட்டையில் பார்த்த நிறம் சுவரில் வேறாக இருக்கும்.

11 அடிப் படப்பிடிப்பு மாடலே கதையில் வரும் கலத்தின் ஏறக்குறைய 1/85 அளவுதான். 1/350 கிட் 82 சென்டிமீட்டர். படப்பிடிப்பு மாடலில் நாலில் ஒரு பங்கு. 1/1000 கிட் 29 சென்டிமீட்டர். நீங்கள் பிரதி எடுப்பது படப்பிடிப்பு மாடலை என்றால் 1/350-க்கு வெள்ளை சேர்க்கவே வேண்டாம், அல்லது 5 சதவீதம் போதும். 1/1000-க்கு 10 முதல் 15. விமானக் கணக்கை நீட்டிப் பிடித்து 1/1000-க்கு 40 சதவீதம் ஊற்றினால் மாடல் சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும்.

அதே நேரம் தூய வெள்ளையையும் தூய கறுப்பையும் உடலில் எங்கும் வைக்காதீர்கள். உடலே எக்ஸ்எஃப்-2 என்றால் அதற்குமேல் வெளுக்க இடமில்லை; விளிம்பில் ஒளி காட்ட முடியாது, வெள்ளை டீக்கால் எழுத்தும் காணாமல் போகும். கறுப்புக்கு எக்ஸ்எஃப்-85 ரப்பர் பிளாக் அல்லது எக்ஸ்எஃப்-69 நேட்டோ பிளாக் போதும்.

5. எவ்வளவு பெயிண்ட் வேண்டும்

1/1000 என்டர்பிரைஸுக்கு 10 மில்லிக் குப்பி அளவு கலவை தாராளம். 1/350-க்கு நீளம் 2.86 மடங்கு என்றாலும் பரப்பு 8 மடங்கு கூடும். 80 மில்லி கணக்கு வையுங்கள். கலவையை ஒரே தடவையில் மொத்தமாகக் கலந்து வைக்க வேண்டும். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே சாம்பல் வரவே வராது. தட்டு ஒரு நிறம், எஞ்சின் குழல் இன்னொரு நிறம் என்று முடிந்த பல மாடல்களுக்கு இதுதான் காரணம்.

6. பிரைமரும் நிறத் தேர்வின் பகுதிதான்

வெளிர் நிறப் பெயிண்டுகள் மெல்லியவை. அடியில் இருப்பது தெரியும். அடியில் கறுப்பு என்றால் மேலே வரும் சாம்பல் குளிர்ந்து நீலம் காட்டும். பழுப்பு என்றால் சூடேறும். வெள்ளை என்றால் கலவையின் சொந்த நிறம் தெரியும். கரண்டிக்குச் சாம்பல் பிரைமரும் மாடலுக்குக் கறுப்புப் பிரைமரும் போட்டால் சோதனை வீண்.

ஒரே சீரான உடல் வேண்டுமானால் சாம்பல் நிற மிஸ்டர் சர்ஃபேசர் பிரைமர் 1000 அல்லது 1200. நுட்பமான ஏற்றத்தாழ்வு வேண்டுமானால் கறுப்பு 1500-ஐ அடித்து, அதன்மேல் உடல் நிறத்தை மேகம் மேகமாக, கோணல்மாணலாக மெல்ல நிரப்பி, கடைசியில் முழுப் பரப்பிலும் ஒரே ஒரு மெல்லிய பூச்சு.

ஏர்பிரஷுக்கு 0.3 மில்லிமீட்டர் ஊசி, 15 முதல் 20 பிஎஸ்ஐ காற்றழுத்தம், 8 முதல் 10 சென்டிமீட்டர் தூரம். பெயிண்டும் எக்ஸ்-20ஏ தின்னரும் 1:1. மேகப் பூச்சுக்கு 1:2. தூரம் கூடினால் துளி காற்றிலேயே காய்ந்து மணல் மாதிரி உட்காரும். வெளிர் சாம்பலில் அந்தச் சொரசொரப்பு, பின்னால் பேனல் கோடுகளில் ஓடவிடும் நீர்த்த பெயிண்டான வாஷைக் குடித்து அழுக்குத் திட்டாகும். லாக்கர் வகை அடிப்பவர்கள் ஆவியை உறிஞ்சும் கரி வடிகட்டி வைத்த முகமூடி இல்லாமல் உட்காரக் கூடாது. துணி முகமூடி ஆவியைத் தடுக்காது.

7. பேனல்களுக்கு இடையே வித்தியாசம்

கலம் பெரியது என்று கண்ணை நம்பவைப்பது இந்த இடம்தான், மாடல்கள் அதிகம் கெட்டுப்போவதும் இங்கேதான். உடல் கலவையிலிருந்து மூன்று குட்டிக் கலவைகள் எடுங்கள். ஒன்றில் 10 துளி உடல் நிறத்துக்கு 1 துளி எக்ஸ்எஃப்-19 (சற்றே அடர்த்தி). இன்னொன்றில் 1 துளி எக்ஸ்எஃப்-55 டெக் டேன் (சற்றே சூடு). மூன்றாவதில் அரைத் துளி எக்ஸ்எஃப்-23 (சற்றே குளிர்ச்சி). குப்பியில் பார்க்கும்போது மூன்றுக்கும் வித்தியாசமே இல்லை என்று தோன்ற வேண்டும். குப்பியிலேயே பளிச்சென்று தெரிந்தால், உடலில் சதுரங்கப் பலகை வரும்.

மொத்தப் பேனல்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் தொடாதீர்கள். இரண்டு மூன்றைக் கொத்தாகச் சேர்த்து, நடுவில் வெறும் பரப்பு விட்டு, மறுபடி ஒரு கொத்து. சம இடைவெளியில் வைத்தால் குளியலறை டைல்ஸ் ஆகும். மாஸ்கிங் டேப்பை ஒட்டும் முன் உள்ளங்கையில் இரண்டு முறை ஒட்டி எடுத்தால் பசை குறையும். புதுப் பெயிண்ட் உரிந்து வராது.

முதல் என்டர்பிரைஸுக்கு இந்தப் படி தேவையில்லை. அது சீரான உடல்தான், தட்டில் மெல்லிய கோடுகள் மட்டும். 1979-இன் திரைப்பட என்டர்பிரைஸ் இதற்கு நேர்மாறு: 8 அடி மாடலில் முத்துப் பொடிப் பெயிண்டால் பேனல் பேனலாக இழைத்திருந்தார்கள். பார்க்க அற்புதம், ஆனால் அந்தப் பளபளப்பு நீலத்திரையைப் பிரதிபலித்ததால் அடுத்த படத்துக்கு மங்கலாக்க வேண்டியிருந்தது. முத்து நிறம் அடிப்பவர்கள் இரண்டை நினைவில் வையுங்கள். ஒளியில் நிறம் மாறும் முத்துப் பொடி வெள்ளையின்மேல் அடக்கமாகவும் கறுப்பின்மேல் மயில் கழுத்து மாதிரியும் தெரியும். அதன்மேல் மேட் கிளியர் (நிறமற்ற, பளபளப்பில்லாத மேற்பூச்சு) அடித்தால் முத்து செத்துவிடும். அரைப் பளபளப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

8. அடையாள நிறங்கள்

சிவப்பு, மஞ்சள், நீலம் எதுவானாலும் பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். குப்பியிலிருந்து நேராக வரும் எக்ஸ்எஃப்-7 சிவப்பு தபால்பெட்டி போல் தனியாகத் துருத்தும். 3 பங்குக்கு 1 பங்கு எக்ஸ்எஃப்-64 ரெட் பிரவுன், கூடவே ஒரு துளி பஃப் சேர்த்தால் வெயிலில் வாடிய சிவப்பு கிடைக்கும். வெளுக்க வேண்டும் என்று வெள்ளையைச் சேர்த்தால் ரோஜா நிறமாகிவிடும். சிவப்பை வெளுக்க எப்போதும் பஃப் அல்லது மஞ்சள்தான். மஞ்சள் அடியை மறைக்காது. சாம்பல்மேல் அடித்தால் பச்சை படியும். முதலில் வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு அடித்துவிட்டு மஞ்சள் போடுங்கள்.

கிட்டில் டீக்கால் இருந்தால் வரிசையை மாற்றுங்கள்: டீக்கால் தாளில் உள்ள சிவப்பைப் பார்த்துப் பெயிண்டைக் கலக்க வேண்டும். தேவையற்ற ஒரு சின்ன டீக்காலைக் கரண்டியில் ஒட்டிப் பாருங்கள். அடியிலுள்ள சாம்பல் ஊடுருவி அது மங்குகிறதா என்று அப்போதே தெரியும்.

9. கிளியர், வாஷ், மேட்: நிறம் மாறும் மூன்று இடங்கள்

பளபளப்பான கிளியர் எக்ஸ்-22 எல்லா நிறத்தையும் ஒரு படி அடர்த்தியாக்கும். மேட் கிளியர் எக்ஸ்எஃப்-86 கறுப்பைச் சாம்பலாக்கி, வேறுபாடுகளை அமுக்கும். ஆகவே கரண்டி முழுப் பயணமும் போக வேண்டும்: பிரைமர், நிறம், பளபளப்பு, வாஷ், மேட். நிறத்தோடு நிறுத்திய கரண்டியைப் பார்த்து முடிவெடுத்தால் மாடல் வேறு நிறத்தில் முடியும்.

வெளிர் உடலில் கறுப்பு வாஷ் வேண்டாம். கோடெல்லாம் பேனாவால் வரைந்தது போல் ஆகி அளவு சுருங்கும். டாமியா பேனல் லைன் வரிசையில் சாம்பல். அழுக்கு வெள்ளை உடலுக்குப் பழுப்பு. எஞ்சின் குழாய், வெடிப்பு, உள்குழிவு ஆகிய ஆழமான இடங்களில் மட்டும் அடர்பழுப்பு. பளபளப்பு கிளியர் ஒரு நாளாவது காய்ந்த பிறகு வாஷ் ஓடவிட்டு, 15 நிமிடத்தில் எனாமல் தின்னர் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைக்கவும். எனாமல் தின்னரைப் பெயிண்ட் இல்லாத பிளாஸ்டிக்கில், அதுவும் பசையின்றி இறுக்கிப் பூட்டும் பாகங்களில் தேங்கவிட்டால், அழுத்தம் இருக்கும் மூலையில் பிளாஸ்டிக் சடக்கென்று விரிசல் விடும். பூட்டும் வகைக் கிட்டில் வாஷை முடித்துக் காய்ந்த பிறகு பாகங்களைப் பூட்டுவது நல்லது.

மழை நாளில் மேட் கிளியர் அடிக்காதீர்கள். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் வெள்ளைப் பனி படியும். சென்னை, நாகை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் காலை பத்து மணிக்குப் பிறகு, வெயில் ஏறியதும் அடிக்கலாம். பனி படிந்துவிட்டால் பளபளப்பு கிளியரை மெல்லியதாக ஒருமுறை அடித்துக் காயவிட்டு, உலர்ந்த நாளில் மறுபடி மேட். பெரும்பாலும் சரியாகிவிடும்.

10. உள்ளே விளக்கு வைத்தால்

வெளிர் பிளாஸ்டிக்கின் வழியே எல்இடி ஊடுருவி, உடல் காகித விளக்கு போல் ஒளிரும். உள்பக்கம் முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளை அல்லது வெள்ளி. இரண்டும் சேர்ந்தால்தான் ஒளி உள்ளேயே தெறித்து ஜன்னல் வழியே மட்டும் வெளிவரும். இருட்டு அறையில் விளக்கைப் போட்டுக் கசிவைப் பார்த்த பிறகே வெளிப்பக்கப் பிரைமர். ஜன்னலுக்கு மஞ்சள் ஒளி தேர்ந்தெடுத்திருந்தால் உடல் சாம்பலைக் கொஞ்சம் குளிர்ச்சியாக வையுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும்.

11. அழுக்கு

போகும் திசைக்கு எதிராக ஓடும் கறைகள், தரையிறங்கும் போர்க்கலங்களுக்குப் பொருந்தும். வளிமண்டலத்துக்குள்ளேயே வராத பெரிய கலத்தில் மழைநீர் வழிந்தது போன்ற கோடுகளைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். அங்கே உந்துபொறித் துவாரங்களைச் சுற்றிய புகை, கப்பல் வந்து சேரும் வாசலின் உராய்வு இரண்டோடு நிறுத்தலாம். புகைக்கு எக்ஸ்எஃப்-85-ஐ 1 பங்குக்கு 9 பங்கு தின்னர் கலந்து, தெரிகிறதா இல்லையா என்ற அளவில் பல முறை. ஒரே முறையில் தெரிய வைக்க முயன்றால் சிலந்திக் கால் போல் நாலாபக்கமும் ஓடிவிடும்.

எல்லாம் முடிந்ததும் உடல் கலவையில் மிச்சமிருக்கும் 5 மில்லியைத் தின்னர் சேர்க்காமல் இறுக மூடிய குப்பியில், விகிதம் எழுதிய கரண்டியோடு சேர்த்து வையுங்கள். அலமாரியிலிருந்து எடுக்கும்போது எங்காவது உரசிப் பெயிண்ட் போனால், அன்றைக்குத் தேடுவது அந்தக் குப்பியைத்தான்.